நோய் வராதவர்களின் கதவைத் தட்டியவர்

எங்கள் மேல்மாடி அக்காவோடு ஒரு விசேஷத்துக்குப் போவதைப்போலத் தலையிடியான வேலை வேறொன்று இல்லை. நாங்கள் எல்லோரும் யார் என்ன சேலை கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்போம். அவர், யார் எதைச் சாப்பிடுகிறார்கள், யார் அதைத் தொடாமல் எழும்பிக் கை கழுவுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது ஒருவர், பாவம், தெரியாத்தனமாக வாயைத் திறந்து, "தடுப்பூசி போட்ட கையோடை எங்கடை அப்பாவுக்கு முழங்கால் பிடிச்சிட்டுது" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அந்த ஆளுக்கு முன்னால் உட்காருவார்.

"ஊசி போடாத ஆக்களிலை ஒருத்தருக்கும் முழங்கால் பிடிக்கேல்லையோ?"

"அது எனக்கென்னெண்டு தெரியும்?"

"கேட்டுப் பாத்தனீங்களோ?"

"அவையை ஏன் கேக்கோணும்? அவைக்குத்தான் ஒண்டும் இல்லையே!"

இந்த இடத்தில் அவருடைய முகம் மலர்ந்துவிடும். "அதுதானே. ஒண்டும் இல்லாதவையை ஒருத்தரும் கேக்கிறேல்லை" என்று தொடங்குவார். கொஞ்ச நேரத்தில் அந்த மேசை காலியாகிவிடும். நானும் அவரும் மிஞ்சியிருப்போம். அவர் வடையின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் முதலில் கடித்துத் தின்றுகொண்டு, எல்லோரும் ஏன் போனார்கள் என்று என்னைக் கேட்பார்.

அவர் படித்தது பெரிய படிப்பு. ஒரு நோய் யாருக்கு வருகிறது, யாருக்கு வராமல் போகிறது, வந்தவர்கள் செய்த எதை வராதவர்கள் செய்யவில்லை என்று ஆட்களைக் கேட்டுக் கேட்டுக் கணக்குப் பார்க்கும் வேலை. சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தார். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று இருந்தால் எங்கள் சனம் விடுமா? கோயிலில் வைத்தே நாக்கை நீட்டிக் காட்டும். ஸ்கான் எடுத்த படத்தைச் சாமி விளக்கு வெளிச்சத்தில் பிடிக்கும். அவர் கையைக் கூப்பி, "நான் மருந்து தாற டொக்டர் இல்லை, எண்ணுற டொக்டர்" என்பார். அந்தப் பெயரே நின்றுவிட்டது. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் எண்ணுற டொக்டர். நானும் அப்படித்தான் சொன்னேன்.

பேர்ணின் ஓரத்தில், பூம்ப்ளிஸில் எங்களுக்கு மேல்மாடியில் தனியாக இருந்தார். குள்ளமான உருவம். பனிக்காலத்தில் சேலைக்குக் கீழே பெரிய பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, துணிப் பையும் கையுமாக இறங்கி வருவார். சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அவர் வேலை மாறி வேறு நாட்டுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது மேலே ஒரு போர்த்துக்கல் குடும்பம் இருக்கிறது. நல்ல மனிதர்கள். என்னை ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை. அன்று என் முறை. உடுப்பு மடித்துக்கொண்டே அவரிடம் அழுதேன். குளியலறைச் சுவரில் பூஞ்சணம், பிள்ளைகள் இரண்டும் விடாமல் இருமுகிறார்கள், பெரிய வீடு கேட்டு நிர்வாகத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். அந்த இருமல்தான் என்னுடைய துருப்புச் சீட்டு.

"எனக்கும் சுவரிலை பூஞ்சணம் இருக்கு. நான் இருமேல்லையே" என்றார்.

அன்று பின்னேரத்துக்குள் கட்டடத்தில் இருந்த கதவு எல்லாவற்றையும் தட்டிவிட்டார். கீழ்வீட்டுச் சுவிஸ் கிழவர் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலே முறைப்பாடு செய்கிறவர். எந்த வெளிநாட்டுக்காரருக்கும் கதவு திறக்காத அந்த மனிதர் இவரை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்திருக்கிறார். கட்டடத்திலேயே கறுத்த சுவர் அவருடையதுதானாம். அவருக்கு இருமலே இல்லையாம். இருமிய பிள்ளைகள் எல்லோரும் ஒரே பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகிறவர்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் வீட்டில் சுவர் காய்ந்துபோய், பூஞ்சணமே இல்லாமல் இருக்கிறது. அக்கா இதையெல்லாம் எனக்குப் பெரிய சந்தோஷத்தோடு வந்து சொன்னார். அதற்குள் கிழவர் நிர்வாகத்துக்கும் சொல்லிவிட்டார். பெரிய வீட்டுக்குப் பதிலாக ஒரு ஆள் பெயின்ற் வாளியோடு வந்து நின்றான்.

"உங்களை ஆர் அக்கா கேட்டது?" என்று படியில் வைத்தே கத்தினேன்.

"பூஞ்சணம் கூடாதுதான். ஆனா இந்த இருமல் அதாலை இல்லை. பிள்ளையள் ஏன் இருமுதுகள் எண்டு உமக்குத் தெரியவேண்டாமோ?"

"வேண்டாம்! எனக்கு வீடுதான் வேணும்!"

அவருக்குத் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கும் கோபத்தோடு சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிர்வாகத்துக்கு நல்ல ஜேர்மன் மொழியில் ஒரு விண்ணப்பம் அவரே எழுதித் தந்தார். அதில் இருமலைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீடும் கிடைக்கவில்லை.

எதை யோசித்தாலும் ஒரு கூட்டல் குறி போடுவார். அதனால் நாலு பெட்டி வரும். மேலே இரண்டும் ஒன்றைச் செய்தவர்களுக்கு, கீழே இரண்டும் செய்யாதவர்களுக்கு. இடப்பக்கம் நோய் வந்தவர்கள், வலப்பக்கம் வராதவர்கள். நாலு பெட்டியிலும் ஆட்கள் நிரம்பாமல் ஒரு நோயைப் பற்றியும் கதைக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. கடதாசிக் கைக்குட்டையில் போடுவார், பஸ் யன்னலில் படிந்த ஆவியில் விரலால் போடுவார். பஸ்ஸில் அதைக் கண்ட யாரோ, எண்ணுற டொக்டர் சபையில் சேர்ந்துவிட்டார், போகிற இடமெல்லாம் சிலுவை போடுகிறார் என்று கதை கட்டிவிட்டார்கள். கோயிலில் இருந்து ஒரு அம்மா விசாரிக்க என் வீட்டுக்கே வந்தார். நான் மேலே போய் அவரைக் கேட்டேன்.

"சிலுவைக்கு ஒரு கால் நீளமெல்லோ. என்ரை நாலும் ஒரே அளவு" என்றார்.

கோயிலிலும் அவர் சும்மா இருக்கமாட்டார். சனிக்கிழமை எள்ளெண்ணெய் விளக்கு எரித்துத்தான் தனக்கு இந்த நாட்டில் இருக்க பெர்மிற் கிடைத்தது என்று ஒருவர் சொல்ல, "எரிக்காத ஆக்களுக்குக் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். அந்த மனிதர் கொஞ்சமும் அசையவில்லை. "அவையும் வீட்டிலை எரிச்சிருப்பினம், பிள்ளை" என்றார். அக்கா வீடு வரும்வரை தோள் குலுங்கிக்கொண்டே வந்தார்.

இப்படியெல்லாம் எரிச்சல்படுத்திய மனிதரிடம் ஏன் ஒட்டிக்கொண்டேன் என்றால், அதற்கு ஒரு கிழமை காரணம். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் அடித்த கிழமை. என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் படுக்கையில். அந்த ஏழு நாளும் நான் மட்டும் எழும்பி நின்று கஞ்சி வைத்து, வாளி கழுவி, கடை வேலைக்கும் போய் வந்தேன். சனம் பழத்தோடு வந்தது, படுத்தவர்களைப் பார்த்துவிட்டுப் போனது. அவர் வந்து, கட்டில் பக்கமே போகாமல் நேரே குசினிக்கு வந்தார்.

"உமக்கு ஒண்டும் வரேல்லையோ? நீர் சாப்பிட்டனீரோ?"

அது அவருக்குத் தொழில் கேள்வியாகவும் இருந்திருக்கும். இருக்கட்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. நன்றாக இருக்கிறவளை நன்றாக இருக்கிறாயா என்று கேட்ட மனிதர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

அவரை நினைத்தால் கடைசியில் என் மனம் போய் நிற்பது அந்தச் சாமத்தியவீட்டில்தான். வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பெண்ணின் தகப்பன் எங்கள் கோயில் வட்டத்தில் மதிப்பான ஒரு அண்ணை. அவருக்கு இரண்டு பெண்கள், இது மூத்தவளுக்கு. ஒழுங்கு பார்க்கிற மனிதர். ஐயர் மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்வரை மச்சச் சட்டியின், அதாவது இறைச்சிச் சட்டியின், மூடியைத் திறக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சமையல் எங்கள் றோல்ஸ் அக்கா. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்து இடுப்பு முறிந்து, பிறகு ஒரு நிலக்கீழ் அறையை வாடகைக்கு எடுத்து, அனுமதியும் எடுத்து, சொந்தமாகச் சமையல் தொடங்கியவர். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற அவருடைய றோல்ஸ் தின்னாத தமிழ் வீடு பேர்ணில் இருக்காது. அன்றைக்கும் சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சுடச்சுட வந்தது. ஐயர்தான் வரவில்லை. அவருக்குக் காலையில் லுசேர்ணில் இன்னொரு சடங்கு, பிந்திவிட்டது.

பசித்தவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மத்தியானம் ஒரு சைவப் பந்தி போட்டார்கள். நான் அதில் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டுக்காரர் கார் நிறுத்த இடம் காட்டும் வேலைக்கு நின்றார். மண்டபத்துக் குசினி அடுப்பில் ஆட்டிறைச்சிச் சட்டியும் பருப்புச் சட்டியும் கொதித்தபடி நின்றன. சோற்றுக்கு அடுப்பில் இடமில்லை. பெண்ணின் தாயும் மாமிமாரும் மிச்சமிருந்த சோற்று அண்டாக்களைக் கம்பளிப் போர்வைகளால் சுற்றிச் சுற்றி, குழந்தையைத் தூங்கவைப்பதுபோல மூலையில் வைத்தார்கள். ஆறின சோற்றை ஆட்களுக்குப் போடக்கூடாது என்ற நல்ல மனம்தான். ஐயர் வந்து, சடங்கு முடிந்து, அவர் வெளிக்கிடும்போது வெளியே இருட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் மச்சப் பந்தி.

விடிவதற்குள் வீட்டுக்கு வீடு வயிற்றைப் பிரட்டிச் சத்தியும் வயிற்றோட்டமும். பெண்ணின் அம்மம்மாவை ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்கவைத்துவிட்டார்கள். எல்லோருடைய வாயிலும் ஒரே சொல், ஆட்டிறைச்சி. மத்தியானம் சைவம் சாப்பிட்டவர்களுக்கு ஒன்றுமில்லை, இரவு இறைச்சி தின்றவர்கள் படுத்துவிட்டார்கள், இதற்கு மேல் என்ன வேண்டும்? "பழைய இறைச்சி போட்டிருக்கிறா" என்று அண்ணையே குரல் பதிவு அனுப்பினார். அது சூரிச் பக்கத்து டீட்டிகோன் வரை போய்த் திரும்பி எனக்கே இன்னொருவரிடம் இருந்து வந்தது. உணவுப் பரிசோதகர் வந்து றோல்ஸ் அக்காவின் குசினியைப் பார்த்து, பிழை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அதை யார் கேட்டது? அவரிடம் சமையலுக்குச் சொல்லிவைத்திருந்த விசேஷங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. றோல்ஸ் அக்கா என் வீட்டுக் கதிரையில் வந்திருந்து, "என்ரை குசினியை மூடவேண்டியதுதான்" என்று அழுதார். அவர் போனதும் நான் மேலே ஏறினேன்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. தம்பியைப் பற்றிச் சொன்னார். அதுவரை அவருக்குத் தம்பி ஒருவன் இருந்ததே எனக்குத் தெரியாது. ஊரில் சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது அவனுக்கு வயிற்றோட்டம் கண்டது. அம்மா முதல்நாள் யாரிடமோ கெஞ்சிப் பால்மா வாங்கிக் கரைத்துக் கொடுத்திருந்தாராம். பிள்ளை இறந்ததும் அந்தப் பால்தான் என்றார்கள். சொந்தக்காரரும் சொன்னார்கள், அப்பாவும் சொன்னார்.

"அதே பாலை நானும் குடிச்சனான்" என்றார். "எனக்கு ஒண்டும் வரேல்லை. பால் குடிக்காத பிள்ளையளும் அந்தக் கிழமை அங்கை செத்ததுகள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் அவையளுக்கு முன்னாலைதான் நிண்டனான். அம்மா சாகுமட்டும் பால் தொடேல்லை."

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "வந்த ஆக்கள் எல்லாற்றை நம்பரும் எடுத்துத் தாரும்" என்றார்.

வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் எடுத்தார். எல்லோருக்கும் ஒரே தொடக்கம். "நீங்கள் சொல்லுறது உங்கடை பேரிலை வெளியிலை போகாது. வருத்தம் வந்து படுத்தாலும் படுக்காட்டியும் எனக்கு நீங்கள் ஒண்டுதான். அண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள், எத்தினை மணிக்கு?" இதைச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் போகமாட்டார். நான் தேநீரோடு ஏறிப்போனால் கோப்பையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுவார். வெளியே வந்தால் ஒரு முறைப்பாடுதான் இருக்கும். "வருத்தம் வந்தவை ஒவ்வொரு வாயையும் ஞாபகம் வைச்சிருக்கினம். வராதவை, என்னவோ திண்டம் எண்டினம். அவையோடைதான் மினக்கெடவேண்டிக் கிடக்கு."

ஒரு நாள் நான் றொட்டிக்கு மா பரப்பி வைத்திருக்க, இறங்கி வந்து அதில் கூட்டல் குறி போட்டார். முதல் பார்வைக்கு இறைச்சிதான் குற்றவாளி. தின்றவர்களில் பெரும்பாலானோர் படுத்திருந்தார்கள், தின்னாதவர்களில் மிகக் கொஞ்சப்பேர். நான் மாவை அள்ளி உருட்டப் போனேன்.

"பொறும். இறைச்சி திண்டவை எல்லாரும் இராச்சோறும் திண்டவை. இரண்டும் ஒட்டிக்கொண்டு வருது. பிரிச்சுத்தான் பாக்கோணும்" என்று மாவைத் தடவிவிட்டு, திரும்பவும் நாலு பெட்டி கீறினார்.

இறைச்சியும் இராச்சோறும் தின்றவர்கள் ஒரு பெட்டி, அவர்கள்தான் படுத்தவர்கள். இரண்டையும் தின்னாமல் மத்தியானமே போன என்னைப் போன்றவர்கள் ஒரு பெட்டி, எங்களுக்கு ஒன்றுமில்லை. இராச்சோறு தின்று இறைச்சி தின்னாதவர்கள் ஒரு பெட்டி. பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்த சைவக்காரப் பெண்கள் சிலர் அதில் இருந்தார்கள். அவர்களிலும் பாதிக்கு மேல் சத்தி எடுத்துவிட்டு, அலுப்பு என்று சொல்லி வெளியே காட்டாமல் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் சோற்றின் பக்கம்தான் சந்தேகம். நாலாவது பெட்டி, இறைச்சி தின்று அந்தச் சோறு தின்னாதவர்களுக்கு. அதில் விரலை வைத்தார். வெறுமையாக இருந்தது.

"இதுக்குள்ளை ஆக்கள் இல்லாட்டி என்னாலை றோல்ஸ் அக்காவைக் காப்பாத்த ஏலாது" என்றார்.

"எப்பிடி இருப்பினம்? ஐயர் போனாப்பிறகுதானே சட்டி திறந்தது. திறந்த உடனை சோத்தோடைதான் எல்லாரும் திண்டிருப்பினம்."

"நீர் எங்கடை ஆக்களை நல்லாத்தான் நம்புறீர்" என்று சிரித்தார்.

திரும்பவும் எல்லோரையும் எடுத்தார். இந்த முறை வருத்தம் வராத ஆண்களைத்தான் நீண்ட நேரம் பிடித்து வைத்துக்கொண்டார். அந்தக் கிழமை முடிவதற்குள், "ஆக்கள் இருக்கினம்" என்று மட்டும் எனக்குச் சொன்னார். யார் என்று கேட்டேன். "உமக்கு ஏன்?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணை வீட்டில் கூடினோம். வரவேற்பறை நிறைய ஆட்கள். றோல்ஸ் அக்கா சோபாவின் நுனியில் இருந்தார், தேநீரைத் தொடவில்லை. அக்கா மெதுவாகச் சொன்னார். இராச்சோறு தின்றவர்களுக்குத்தான் வருத்தம் வந்தது, இறைச்சி தின்னாவிட்டாலும் வந்தது, கம்பளிக்குள் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வைத்த சோறு பழுதாகும், அதை ஒருவரும் வேண்டுமென்று செய்யவில்லை.

"மச்சக் கரண்டி சைவச் சட்டியிலை பட்டிருக்கும்" என்றார் அண்ணையின் மனைவி. போர்வை சுற்றியவர்களில் அவரும் ஒருவர். சனம் தலையாட்டியது.

"அப்பிடியெண்டா இறைச்சி மட்டும் திண்டவைக்கும் வந்திருக்கோணும்" என்றார் அக்கா. "ஐயர் இருக்கத்தக்கதா, பின்கதவுப் பக்கம் நிண்டு அதே சட்டியிலை எடுத்து, பாண் துண்டிலை தோய்ச்சுத் திண்ட ஆக்கள் இருக்கினம். சோறு தொடேல்லை. ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை."

அண்ணை எழும்பினார். கழுத்து நரம்பு தெரிந்தது.

"என்ரை பிள்ளையின்ரை சடங்கிலை, ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல மச்சம் திண்டவையோ? ஆர் அவை? பேரைச் சொல்லுங்கோ. சொன்னா இப்பவே எல்லாருக்கும் சொல்லுறன், பிழை எங்கடை சோத்திலைதான் எண்டு."

"பேர் சொல்லமாட்டன் எண்டு சொல்லித்தான் கேட்டனான், அண்ணை."

"அப்ப உது கட்டின கதை."

றோல்ஸ் அக்கா எழும்பி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஒரு பேர். ஒரே ஒரு பேர். என்ரை அடுப்பு எரியும்." அக்கா அண்ணையைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார், மாட்டேன் என்று தலையை ஆட்டினார். றோல்ஸ் அக்கா பிடித்த கையை விட்டுவிட்டு, சப்பாத்தின் கயிற்றைக்கூடக் கட்டாமல் வெளியே போய்விட்டார்.

எங்கள் கட்டடத்துப் படியில் வைத்து நான் அக்காவைப் பிடி பிடியென்று பிடித்தேன். ஒரு பெயரால் என்ன குறைந்துவிடும், ஒரு மனிசியின் சீவியம் போகிறதே என்றேன்.

"அடுத்தமுறை ஒருத்தரும் உண்மை சொல்லமாட்டினம்" என்றார். இரண்டு படி ஏறித் திரும்பி நின்று, "என்ரை கையைப் பிடிச்சுக் கேட்டது எங்கடை அம்மாவா இருந்தா சொல்லியிருப்பனோ எண்டு நானும் யோசிச்சுப் பாத்தன். தெரியேல்லை" என்றார்.

எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. "விடும் அவாவை" என்றார் வீட்டுக்காரர். நான் அவரையும் ஏசினேன். அதற்குப் பிறகு நீண்ட நாள் நான் அக்காவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சனம் அவரைப் பொய்க்காரி என்றது. றோல்ஸ் அக்கா நிலக்கீழ் அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய முதியோர் இல்லத்துக்கே திரும்பவும் துடைப்பத்தோடு போனார். அக்கா அவருடைய வீட்டுக்குப் போவார், கதவு திறக்காது, திரும்பி வருவார், திரும்பவும் போவார். மாடிப்படியில் அந்தப் பனிச் சப்பாத்தின் சத்தம் கேட்கும்போது எனக்குக் கோபமும் வரும், மனம் வலிக்கவும் செய்யும்.

அடுத்த வருடம் அண்ணையின் இரண்டாவது மகளுக்குச் சாமத்தியவீடு. அழைப்புக் கிடைத்துப் போனால், குசினியில் றோல்ஸ் அக்கா நிற்கிறார். அண்ணை தானே வீடு தேடிப் போய்க் கேட்டாராம். ஏன் என்று றோல்ஸ் அக்காவுக்கும் தெரியவில்லை. சனம் ஆளுக்கு ஆள் கிசுகிசுத்தது. நான் கோபம் ஆறி அக்காவோடு சேர்ந்துதான் போயிருந்தேன். இந்த முறை ஐயர் நேரத்துக்கு வந்துவிட்டார். சடங்கு முடிந்து, அவர் மேடையில் இருந்து செம்பையும் தர்ப்பையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மத்தியானம், பசிக்கிற நேரம். ஆனால் குசினிப் பக்கம் ஒருவரும் போகவில்லை. பலர் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அண்ணை பட்டு வேட்டியோடு குசினிக்குள் போனார். ஆட்டிறைச்சிச் சட்டியின் மூடியைத் தானே தூக்கினார். ஒரு கோப்பையில் போட்டு, பாண் துண்டும் எடுத்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவில் வந்து நின்று ஒரு வாய் தின்றார். அவருடைய மனைவி ஓடிவந்து, "ஐயர் இன்னும் போகேல்லையப்பா!" என்றார்.

"அண்டைக்கும் போகேல்லை" என்றார் அண்ணை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "மூத்தவளின்ரை சடங்கிலை ஐயர் மந்திரம் சொல்ல, நான் பின்கதவிலை நிண்டு இதைத்தான் திண்டனான். எனக்கு ஒண்டும் வரேல்லை. நாங்கள் சுத்தி வைச்ச சோறுதான் பழுதாப்போனது. சமைச்ச இந்தப் பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷம் வாய் வரேல்லை."

ஐயர் தலையைக் குனிந்து, எடுத்து வைத்த தர்ப்பையைத் திரும்பவும் வெளியே எடுத்து அடுக்கத் தொடங்கினார். றோல்ஸ் அக்கா அகப்பையோடு குசினி வாசலில் நின்றார். அழுதாரா முறைத்தாரா என்று சொல்லத் தெரியவில்லை. "பேரைச் சொல்லுங்கோ" என்று அன்றைக்கு அக்காவின் முகத்துக்கு நேரே கத்தியவர், அவர் சொல்லமாட்டார் என்று நம்பித்தான் கத்தினாரா, சொல்லிவிடட்டும் என்று கத்தினாரா? அதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு கதிரை நகர்ந்தது. ஒருவர் எழும்பிப் போய், கோப்பை ஒன்றை எடுத்து, றோல்ஸ் அக்காவிடம் நீட்டினார். அவர் போட்ட இறைச்சியை வாங்கிக்கொண்டு வந்து, அண்ணைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நின்றார்.

அது எங்கள் வீட்டுக்காரர்.

அன்று கார் நிறுத்திய களைப்பில் பசிக்கவில்லை, வெறும் பாண்தான் தின்றேன் என்று என்னிடம் சொன்ன மனிதர். அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழும்பினார், பிறகு இன்னொருவர். றோல்ஸ் அக்கா ஒவ்வொரு கோப்பையிலும் அகப்பையை ஓங்கி ஓங்கித் தட்டிப் போட்டார். அதற்குப் பிறகு சனம் வரிசைக்கு வந்துவிட்டது. வரிசையில் நின்றபடியே யாரோ தன் மகனின் பிறந்தநாளுக்கு றோல்ஸ் சொல்லிவைத்தார்.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு பெயரைச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று படியில் வைத்து நான் கத்தியபோது, அவர் சொல்லியிருக்கக்கூடிய பெயர்களில் ஒன்று என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறது. அவ்வளவு நாளும் நான் காட்டிய முகத்தையெல்லாம் இவர் பொறுத்துக்கொண்டு என் வீட்டு வாசலைக் கடந்து போய் வந்திருக்கிறார்.

"என்ரை மனுசனும் எண்டு உங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே, அக்கா?"

அவர் வடையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னது தெரியும்?" என்றார்.